மாவு வண்டியின் பின் பிரேக்

அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து, வாசலில் போட்டிருந்த நாற்காலிகளைப் பந்தல்காரரின் ஆளிடம் அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளேயிருந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

"திங்கக்கெழமலேர்ந்து மாவ நானே எடுத்துகினு போறேன்."

"வண்டியிலயா?"

"பின்ன தலையிலயா?"

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நான்கு கிரைண்டர்கள் ஓடுகின்றன. இட்லி மாவு அரைத்து, மூடி போட்ட எவர்சில்வர் டிரம்களில் நிரப்பி, ஒரகடத்தில் இரண்டு கம்பெனி கேன்டீன்களுக்கும் ஒரு தொழிலாளர் ஆஸ்டலுக்கும் கொடுக்கிறோம். அரைப்பது அம்மா. விடிவதற்குள் பழைய பிக்கப்பில் கொண்டுபோய் இறக்குவது அப்பா. அவர் போன பிறகு ஒரு வாடகை வண்டி அந்த வேலையைச் செய்தது. அது பாதி நாள் தாமதமாக வந்தது. கேன்டீன் மேனேஜர் நல்ல மனிதர், ஒரு மாதம் பொறுத்தார். திங்கட்கிழமை முதல் நேரத்துக்கு வராவிட்டால் வேறு இடத்தில் மாவு வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

அம்மாவுக்கு லைசென்ஸ் உண்டு. திரும்பி வரும்போது டிரம்கள் காலியாக இருக்கும். அப்போது அப்பா இடப்பக்கம் சாய்ந்து தூங்க, அம்மா ஓட்டுவாள். மாவு நிறைந்த வண்டியை அவள் ஓட்டியதில்லை.

அன்று மாலையே போய் வண்டியில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். பெடல் பஞ்சு மாதிரி இறங்கியது. இரண்டாவது மிதியில் கொஞ்சம் பிடித்தது, மறுபடி இறங்கியது. பின்சக்கரத்தின் உட்பக்கம் எண்ணெய் வழிந்து மண் ஒட்டியிருந்தது.

நான் பிரேக் ஷூ செய்யும் ஒரு கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். டிப்ளமோ மெக்கானிக்கல். எங்கள் மாவு போகும் இரண்டு கேன்டீன்களில் ஒன்று என் கம்பெனியுடையது. அப்பா விழுந்ததும் அங்கேதான். கேன்டீன் பின்வாசலில் டிரம்களை இறக்கிக் கொடுத்துவிட்டு வண்டிக்குத் திரும்பும்போது விழுந்திருக்கிறார். அங்கிருந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் என் அப்பா என்பது அவர்களில் யாருக்கும் தெரியாது. வேலை நேரத்தில் எங்கள் கைபேசிகள் லாக்கரில் இருக்கும். காலை இடைவேளையில் நான் அவர் கொண்டுவந்த மாவில் ஊற்றிய இட்லியைச் சாப்பிட்டுவிட்டு லைனுக்குத் திரும்பியபின்தான் சூப்பர்வைசர் வந்து கூப்பிட்டார்.

அதற்குப்பின் எனக்கு எதுவும் ஆகவில்லை. அழவில்லை. தூக்கம் வந்தது, பசித்தது. வேலைக்குப் போனேன். செய்ய வேண்டியவற்றை எழுதி ஒவ்வொன்றாக அடித்தேன்: இறப்புச் சான்றிதழ், ரேஷன் அட்டை, கேஸ் இணைப்பு, வங்கிக் கணக்கு. ஆஸ்பத்திரியில் கொடுத்த பொருள்களைக்கூடச் சரிபார்த்துத்தான் வாங்கினேன். கைக்கடிகாரம், ஜெபமாலை, கைபேசி, கத்தரித்து எடுத்த சட்டை. செருப்பு இல்லையே என்றேன். "வரும்போதே வெறுங்கால்தாம்மா" என்றார் நர்ஸ். சரி என்று கையெழுத்துப் போட்டேன். மாறியது ஒன்றுதான். கேன்டீனில் இட்லி வரிசையை விட்டுப் பொங்கல் வரிசையில் நின்றேன்.

வெள்ளிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து வந்ததும் வண்டியைத் தெருமுனைப் பட்டறையில் விட்டோம். மெக்கானிக் அப்பாவுக்குப் பழக்கமானவர்தான், ஆனால் இந்த ஊருக்கு வந்து மூன்று நான்கு வருஷம் இருக்கும். சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே ஆரம்பித்தார்.

"இன்னாம்மா, ஊரு வண்டிக்கெல்லாம் நீ பிரேக் பாத்து அனுப்பற. உன் வூட்டு வண்டிக்கு நான் பாக்கணுமா?"

"நான் பாத்து அனுப்பறதுதாண்ணா நீங்க மாட்டறது."

"பேச்சுல மட்டும் பிரேக் நல்லா புடிக்குது உனுக்கு."

சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்மைத் தட்டி வெளியே எடுத்தார்; பெடலை மிதித்தால் அதன் உட்சுவரில் விரிந்து உரசுவதுதான் ஷூ. சக்கரத்துக்குள் இருக்கும் சின்ன சிலிண்டரின் ரப்பர் கிழிந்து, பிரேக் ஆயில் கசிந்து, ஷூவின் லைனிங் கறுத்து ஊறிப்போயிருந்தது. மறுபக்கமும் அப்படியே. முன்சக்கரங்களில் குறையில்லை. பின்பக்கத்துக்கு நான்கு ஷூ, இரண்டு சிலிண்டர் வாங்க வேண்டும். எனக்குத் தெளிவாக இருந்தது.

அப்போதுதான் அதைச் செய்தேன். எங்கள் லைனில் ஒரு ஷூ நிராகரிக்கப்பட்டால் அது முழுதாக இருக்கக்கூடாது. சிவப்புப் பெயின்ட் அடித்து, பூட்டிய சிவப்புப் பெட்டியில் போட்டு, ஷிப்ட் முடிவதற்குள் வெட்டிவிட வேண்டும். இல்லையென்றால் யாராவது எடுத்து நல்லதோடு கலந்துவிடுவார்கள். சேர்ந்த முதல் நாளில் கற்றுக்கொண்டது இது, கைக்குப் பழகிவிட்டது.

"ணா, இந்த நாலயும் கட்டர்ல ரெண்டா வெட்டிடுங்க."

"இன்னாத்துக்கு?"

"திரும்ப யாரும் மாட்டக்கூடாது."

"எண்ணெயில ஊறின வட மாதிரி கீது. இத எவன் மாட்டப் போறான்?"

"வெட்டிடுங்கண்ணா."

தலையை ஆட்டிக்கொண்டே வெட்டினார். துண்டுகள் அன்றே காயலான் கடை வண்டியில் போயின.

ஸ்ரீபெரும்புதூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் என் கையைத்தான் முதலில் பார்த்தார். "சேம்பிள் எங்கம்மா?"

எங்கள் பக்கத்தில் யாரும் வெறுங்கையோடு ஸ்பேர் வாங்கப் போவதில்லை. கழற்றிய பழையதைப் பையில் போட்டு எடுத்துப்போய்க் கல்லாமேல் வைப்பார்கள். அதேபோல் ஒன்று கொடு என்பார்கள். எனக்கு அந்த முறையில் நம்பிக்கை கிடையாது. பழையது தேய்ந்திருக்கும், தேய்ந்ததைப் பார்த்து அளவு சொல்லமுடியாது. வண்டியின் சட்டத்தில் பொறித்த சேஸ் நம்பர் இருந்தால் எந்தப் பாகம் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும்.

"சேஸ் நம்பர் வெச்சிருக்கேன் சார்."

"பழசு எதுவும் கொண்டாரலயா?"

"வெட்டியாச்சி."

"வெட்டிட்டியா?" உள்ளே இருந்த ஆளைப் பார்த்தார். "யோவ், ஷூவ வெட்டிட்டாங்களாம்யா. கோழியா அது?"

நம்பரைத் தட்டிப் பெட்டி எடுத்துக் கொடுத்தார். பெட்டிமேல் இருந்த எண்ணையும் திரையில் இருந்த எண்ணையும் ஒப்பிட்டேன். ஒன்றுதான்.

பட்டறையில் அது உட்காரவில்லை. ஷூவின் நுனி இருக்க வேண்டிய இடத்துக்குக் குறைவாக நின்றது, ஓட்டை ஊசியின் நேரில் வரவில்லை. மெக்கானிக் திருப்பிப் போட்டார், பக்கம் மாற்றிப் போட்டார். "ஒக்காரல" என்றார்.

காரணங்களை யோசித்தேன். கம்ப்யூட்டர் ஆர்.சி. புத்தகத்தின் பதிவு வருஷத்தை வைத்துச் சொல்லியிருக்கலாம், வண்டியைச் செய்த வருஷம் முந்தியதாக இருக்கலாம். நடுவில் மாடல் மாறியிருக்கலாம். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் ஸ்கூட்டரில் வாலாஜாபாத் போனேன். அங்கே ஒரு பெரிய கடையில் அந்த மாடலுக்கு முன்பு வந்த ஷூ ஒரு செட், பின்பு வந்தது ஒரு செட், பொருந்தாததைத் திருப்பித் தருவதாகச் சொல்லி இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தேன். இரண்டும் உட்காரவில்லை.

மெக்கானிக் கை துடைத்தார். "ஓட்டய கொஞ்சம் நீட்டி, நுனில ஒரு இரும்புப் பத்த வெச்சிட்டா ஒக்காந்துடும்மா. அக்கா இன்னா ரேஸா ஓட்டப் போறாங்க?"

"வேணாம்ணா. லோடு வண்டி."

"பழச வெட்டாம வெச்சிருந்தா காட்டியே வாங்கினு வந்திருக்கலாம்."

பையிலிருந்து அளவெடுக்கும் வெர்னியரை எடுத்தேன். டிரம்மின் உள்விட்டத்தை நான்கு இடத்தில் அளந்தேன். அந்த மாடலின் புத்தகத்தில், தேய்ந்து தேய்ந்து இதற்குமேல் போனால் டிரம்மைத் தூக்கிப்போட வேண்டும் என்று ஓர் எல்லை இருக்கிறது. இது அந்த எல்லையைத் தாண்டி எங்கோ இருந்தது. மற்றதும் அதே அளவு. அப்படியானால் விஷயம் இதுதான்: டிரம் தேய்ந்து அகன்றுவிட்டது, அதில்தான் நல்ல ஷூ குட்டையாகத் தெரிகிறது. டிரம்மும் புதிதாக வாங்க வேண்டும். வாலாஜாபாத் கடைக்குப் போன் செய்தேன். டிரம் கையிருப்பில் இல்லை, செவ்வாய் புதன் ஆகும் என்றார்கள்.

ஷிப்ட் கோட்டுப் பையில் இருந்த சிவப்பு மார்க்கரால் இரண்டு டிரம்மிலும் பெருக்கல் குறி போட்டேன்.

"இதயும் வெட்டணுமா?" என்றார்.

"ஆமா."

"இது வார்ப்பும்மா, கட்டர் தாங்காது. காலைல சம்மட்டி எடுத்து ஒடைக்கிறேன். இப்ப வூட்டுக்குப் போ. நானும் போவணும்."

வீட்டில் அம்மா ஞாயிற்றுக்கிழமை அரைக்க அரிசி ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆச்சா?"

"ஆவல. திங்கக்கெழமக்குள்ள ஆவாது."

"ஹேண்ட் பிரேக் கீது இல்ல?"

"அதுவும் பின்சக்கரம்தாம்மா."

"மெதுவா போறேன்."

"நீ மெதுவா போவ. மாவு?"

அவள் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். "மாவப் பத்தி எனக்குச் சொல்றியா நீ?"

அவளுக்குத் தெரியும். பிரேக் போட்டதும் வண்டி நிற்கும், டிரம்முக்குள் மாவு நிற்காது. முன்னால் ஏறி, ஒரு நொடி கழித்து இன்னொரு தள்ளு தள்ளும். அப்பா ஒவ்வொரு நாளும் இறக்குவதற்குமுன் மூடியைத் திறந்து உட்பக்கம் பார்ப்பார். மூடியில் மாவு ஒட்டியிருந்தால் அன்றைக்கு எங்கேயோ கடுமையாகப் பிரேக் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். ஒரே பக்கமாக ஒட்டியிருந்தால் ஒரு சக்கரம் சரியாகப் பிடிக்கவில்லை.

"வாடக வண்டிய இன்னும் ரெண்டு நாள் கேளேன்" என்றேன்.

"கேட்டேன். வர மாட்டேன்ட்டான். நான் போலன்னா அன்னிக்கே இன்னொருத்தன் மாவு எறக்கிடுவான். அப்புறம் இந்த கிரைண்டர இன்னா பண்றது? மாதா படத்துக்குப் பக்கத்துல வெச்சி மெழுகுவத்தி ஏத்தறதா?"

"பிரேக் இல்லாம உன்ன உடமாட்டேன்."

"அப்ப பிரேக் போட்டுக் குடு."

பிரேக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவள் போவாள் என்று தெரிந்தது. கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் ஒரகடம் சந்திப்பில் பெடல் இறங்குவதை மனதில் ஓட்டிப் பார்த்தேன். அது வேறு யாருடைய அறிக்கையையோ படிப்பதுபோல் இருந்தது. எனக்குப் பயம் வரவில்லை என்பதைக் கவனித்தேன். வந்திருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா பூசைக்குப் போனாள், நான் பட்டறைக்குப் போனேன். டிரம்மைக் கல்மேல் கவிழ்த்து வைத்து, மெக்கானிக் சம்மட்டியோடு நின்றிருந்தார்.

"வந்துட்டியா? ஒடைக்கறதுக்குக் கூட இன்ஸ்பெக்ஷனா?"

"ஒரு நிமிஷம்ணா."

வெட்டுவதற்குமுன் கடைசியாக ஒருமுறை தொட்டுப் பார்ப்பது எங்கள் லைனில் விதி. வெள்ளிக்கிழமை அதை நான் செய்யவில்லை. டிரம்மை நிமிர்த்தி, உள்விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தேன். நகம் எங்கேயும் தடுக்கவில்லை.

ஷூ உரசும் இடம்தான் தேயும். உரசாத விளிம்பு பழைய உயரத்திலேயே நிற்கும். அவ்வளவு தேய்ந்த டிரம்மாக இருந்தால் விளிம்பில் ஒரு படி இருந்தாக வேண்டும், நகம் அதில் இடிக்கும். இதில் படியே இல்லை. இது தேய்ந்து அகன்ற டிரம் இல்லை. வார்க்கும்போதே இந்த அளவு.

"ணா, சம்மட்டிய வெச்சிடுங்க. கம்பி பிரஷ் குடுங்க."

வெளிப்பக்கத் துருவைத் தேய்த்தேன். வார்ப்பில் எழுந்த எண்கள் தெரிந்தன. எங்கள் மாடலின் எண் இல்லை. அடுத்த அளவில் பெரிய ஒரு லோடு வண்டியின் டிரம். அதற்கான ஷூ எங்கள் லைனில் வாரத்தில் இரண்டு நாள் ஓடும். அதன் வளைவை என் உள்ளங்கை அறியும்.

நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மா பூசைச் சேலையோடு வந்து நின்றாள். "இன்னாடி, டிரம்ம மொறச்சிகினு கீற?"

"இது நம்ம வண்டியோடது இல்லம்மா."

"ஆமா. பின்னாடி ஆக்சிலே மாத்தினதுதான்."

மெக்கானிக்கும் நானும் அவளைப் பார்த்தோம். பின்சக்கரங்களைத் தாங்கும் அச்சு அது, டிரம்மும் ஷூவும் அதோடு சேர்ந்தே வரும்.

"செம்பரம்பாக்கம் ஏரியத் தொறந்து உட்டாங்களே, அந்த வருசம். உங்க அத்த வூட்டு வாசல்ல வண்டி நாலு நாள் தண்ணில நின்னுது. ஆக்சிலுக்குள்ள பல்லு சக்கரமெல்லாம் போச்சின்னாங்க. அப்பாவும் நானும் பழைய வண்டி ஒடைக்கற எடத்துக்குப் போயி பெரிய வண்டி ஆக்சில் ஒண்ணு புடிச்சாந்தோம். மினி லாரில வர்ற வழியெல்லாம் அது மேலதான் ஒக்காந்துகினு வந்தேன். பொடவையெல்லாம் கிரீஸு."

"எனக்குச் சொல்லவே இல்ல."

"நீ ஆஸ்டல்ல இருந்த. பரீச்ச. சொன்னா நீ வந்து மாட்டப் போறியா?"

"நேத்து சொல்லி இருக்கலாம்லம்மா?"

"நீ பிரேக்குன்ன. ஆக்சில்னு எங்கடி சொன்ன?"

மெக்கானிக் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வரவேண்டிய இடம்தான். சேஸ் நம்பர் சொன்ன வண்டி பின்சக்கரத்துக்கு முன்னாலேயே முடிந்துவிட்டிருந்தது. என் கம்ப்யூட்டர் எண்ணும் அளவுப் புத்தகமும் சரியாகத்தான் பேசின, இல்லாத ஒரு வண்டியைப் பற்றி. நான் வெட்டச்சொன்ன நான்கு ஷூக்கள்தான் இருக்கும் வண்டியைச் சொல்லியிருக்கும்.

ஸ்ரீபெரும்புதூர் கடைக்காரருக்குப் போன் செய்தேன். கடை விடுமுறை, வீடு மாடியில்தான், ஆனால் சாப்பிடப் போகிறேன் என்றார். அம்மா திங்கட்கிழமை ஓட்டவேண்டும் என்று சொன்னேன்.

"இப்பவாவது சேம்பிள் கீதா?"

"ஷூ இல்ல சார். டிரம் இருக்கு."

"டிரம்மா? சரி, தூக்கினு வா. அதயாவது ஒடைக்காம கொண்டா."

அரிசிக் கோணியில் டிரம்மைக் கட்டி ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் வைத்துப் போனேன். அவர் லுங்கியோடு இறங்கி வந்து பாதி ஷட்டர் தூக்கினார். பெரிய வண்டியின் ஷூவை எடுத்து டிரம்முக்குள் வைத்தார். வளைவோடு வளைவு ஒட்டியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், இடுக்கில் வெளிச்சம் வரவில்லை. பெட்டியைத் திருப்பி எங்கள் கம்பெனியா என்று பார்த்தேன். வேறு கம்பெனி.

மதியத்துக்குமேல் ஷூவும் அதே கடையில் வாங்கிய பெரிய வண்டியின் சிலிண்டரும் உட்கார்ந்தன. டிரம்மின் சிவப்புக் குறியைத் தின்னர் தொட்டுத் துடைத்தேன். பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும். அம்மா ஏறி உட்கார்ந்தாள். வண்டிக்கு அடியிலிருந்து மெக்கானிக் குரல் கொடுத்தார்.

"செருப்பக் கழட்டிட்டு அமுத்துக்கா. அண்ணன் அப்டிதான் ஓட்டுவாரு. காலுக்குத் தெரியணும்."

அம்மா செருப்பைக் கீழே விட்டாள்.

"அமுத்து... புடி... உடு. அமுத்து... புடி... உடு. இப்ப எப்டி கீது?"

"கல்லு மாதிரி."

மாவு டிரம்களில் தண்ணீர் நிரப்பி வண்டியில் கட்டி, சிப்காட் தொழிற்பேட்டையின் உள்சாலைக்குப் போனோம். இன்னும் கட்டடம் வராத மனைகள் இருபக்கமும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மாடுகளைத் தவிர யாரும் இல்லை. அம்மா வேகமெடுத்தாள். "நிறுத்து" என்றேன். நின்றது. ஒரு நொடி கழித்துப் பின்னால் தண்ணீரின் தள்ளு வந்தது. வண்டி அசையவில்லை. இறங்கி மூடிகளைத் திறந்து பார்த்தேன். ஈரம் இரண்டு பக்கமும் சமமாக இருந்தது.

"இப்ப நெஜமாவே குறுக்க ஒரு ஆள் வந்த மாதிரி போடு" என்றேன்.

இந்தமுறை சீட் பெல்ட் தோளில் அறுத்தது. அம்மாவின் சீட்டுக்கு அடியிலிருந்து எதுவோ சறுக்கிக்கொண்டு வந்து அவள் காலருகே நின்றது. அப்பாவின் செருப்பு. ஒன்று கிளட்சுக்குப் பக்கத்தில், மற்றது பிரேக் பெடலுக்கு அடியில் பாதி நுழைந்து. வண்டியிலிருந்து வெறுங்காலோடு இறங்கி டிரம்மைத் தூக்கியிருக்கிறார்.

என் கை குனிந்து இரண்டையும் எடுத்தது. ஓட்டுபவர் காலடியில் எதுவும் இருக்கக்கூடாது, பெடலுக்கு அடியில் போனால் பிரேக் இறங்காது. இடது செருப்பின் குதிகால் வெளிப்பக்கம் தேய்ந்திருந்தது.

அம்மா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தூக்கிப் போட்டுடாத" என்றாள். பிறகு, "வெட்டியும் வெக்காத."

"இல்லம்மா."

"இன்னொரு தரம் பாக்கலாமா?"

"பாக்கலாம்."

செருப்புகளை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவள் கிளம்பும்போது நான் கம்பெனி பஸ்ஸில் இருந்தேன். கைபேசி லாக்கருக்குப் போனது. ஷூக்கள் வந்துகொண்டே இருந்தன, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். காலை இடைவேளையில் கேன்டீனுக்குப் போய் இட்லி வரிசையில் நின்றேன். இட்லி வைக்கும் அண்ணன் என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கி அம்மா வந்துச்சிமா. டிரம்ம எறக்கவே உடல. மூடியத் தொறந்து உள்ள பாத்துட்டுதான் எறக்குன்னுச்சி."

"ஒட்டியிருந்துதா?"

"இன்னாது?"

"மூடியில மாவு."

"அதெல்லாம் இல்ல. சுத்தமாதான் இருந்துது."

இரண்டு போதும் என்றேன். வைத்தார். ஆவி வந்தது. வரிசை பின்னால் நெருக்கியது. இன்னும் இரண்டு வைக்கச் சொன்னேன்.